கையொப்பத்திற்கு முன் கேளுங்கள்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

கூட்டுறவு இயக்கம் நாட்டுப்புற மக்களுக்குக் கற்பித்த பாடங்களுள் தலையாயது, படித்துப் பாராமல் எப்பத்திரத்திலும் கையொப்பமிடலாகாது என்பதாகும். வட்டிக்கடைக்காரர் நீட்டிய வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு நிலத்தையும் தறியையும் இழந்தவர்களின் துயரமே நம் சங்கங்கள் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. இன்று நம் அங்கத்தினர் வட்டி விகிதத்தைக் கேட்கின்றனர், தவணையைக் கணக்கிடுகின்றனர், ஐயம் தெளிந்த பின்னரே ஒப்பமிடுகின்றனர். ஆயின் அதே அங்கத்தினர், தம் வயிற்றைத் திறக்க அனுமதி தரும் தாளில் மட்டும், ஒரு வரியும் படியாது, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிடுகின்றனர்.

இதை ஒரு கூட்டுறவு இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். சங்கங்களின் நகைக்கடன் பதிவேடுகளைப் பார்வையிடுவது ஆய்வாளரின் கடமைகளுள் ஒன்று. கடன் எதற்கென்று குறிக்கும் இடத்தில் சாகுபடி என்றோ தொழில் என்றோ எழுதப்பட்டிருக்கும். கடன் பெற்றவரை நேரில் கேட்டால், ‘ஆஸ்பத்திரிச் செலவுங்க’ என்னும் விடையே பல வேளைகளில் வருகின்றது. அவ்வாறு எழுதுவது முறையா என்பது தனியே ஆராய வேண்டிய பொருள். மருத்துவமனையில் கேட்கத் தவறிய கேள்விக்கு விலையாகச் சங்கத்தின் பெட்டகத்தில் தாலிக்கொடி கிடக்கின்றது என்பதே இங்கு நாம் கருதற்பாலது. அண்மைக் காலத்தில் அச்செலவிற்குக் காரணமாகப் பெரிதும் கூறப்படுவது, தனியார் மருத்துவமனைகளில் செய்யப்படும் நுண்துளை அறுவைச் சிகிச்சையாகும். ‘லேப்ராஸ்கோப்பி’ என்றும், ‘துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்’ என்றும் மக்கள் வழங்குவது இதனையே.

இச்சிகிச்சை யாது?

வயிற்றை நீளக் கீறித் திறப்பதற்கு மாறாக, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள மூன்று அல்லது நான்கு துளைகளை இடுவர். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வர். ஒரு துளையின் வழியே விளக்கும் ஒளிப்படக் கருவியும் பொருந்திய குழாயை நுழைத்து, உள்ளுறுப்புகளைத் திரையிற் கண்டவாறே, ஏனைய துளைகளின் வழியே செலுத்திய நீண்ட கருவிகளால் வேலையை முடிப்பர். பித்தப்பையை அகற்றுதல், குடல்வாலை அகற்றுதல், குடலிறக்கத்திற்கு வலை பொருத்துதல், கருப்பை, சூற்பை ஆகியவற்றின் நோய்களுக்குச் சிகிச்சை செய்தல் முதலியன இம்முறையில் மிகுதியாக நடைபெறுகின்றன.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1901-இல் ஜெர்மானிய மருத்துவர் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றைக் குழாய் வழியே நோக்கிக் காட்டினார். 1910-இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயஸ் மனிதரிடம் அதனைச் செய்தார். 1985-இல் ஜெர்மானியரான மூஹே இவ்வழியாகப் பித்தப்பையை அகற்றியபோது, அந்நாட்டு அறுவை வல்லுநர்கள் அவரைப் பாராட்டவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருக்கு உரிய பெருமை கிடைத்தது. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். அதன் பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கோவை, சென்னை முதலிய நகரங்களுக்கு இக்கலை பரவி, இன்று தாலுகாத் தலைநகரங்களிலுள்ள சிறு மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளிலும் இடம்பெற்றுவிட்டது.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. வயிற்றைக் கீறிப் பித்தப்பையை அகற்றியவர், வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். துளை வழியே அகற்றியவர் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பி, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இலேசான வேலைகளைத் தொடங்கிவிடலாம். நோவு குறைவு, புண் சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பும், தழும்பு வழியே குடல் பிதுங்கும் வாய்ப்பும் குறைவு. நாட்கூலியும் நெசவுக்கூலியுமே வாழ்வாதாரமாக உள்ள குடும்பத்திற்கு ஒரு மாதத் தறி ஓட்டம் மிஞ்சுவது சிறிய ஆதாயமன்று. இச்சிகிச்சையை அஞ்சி ஒதுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அறிந்து ஏற்க வேண்டும் என்பதே கருத்தாகும்.

துளை சிறிது, சிகிச்சை சிறிதன்று

‘சின்னத் துளைதானே’ என்னும் சொல்லே பலரை ஏமாற்றுகின்றது. தோலில் இடும் வெட்டு மட்டுமே சிறியது. உள்ளே நடப்பது முன்பு வயிற்றைத் திறந்து செய்த அதே வேலைதான். வெட்டப்படும் உறுப்பு அதுவே; அதனருகே ஓடும் இரத்தக் குழாய்களும் அவையே. பெரும்பாலும் முழு மயக்க மருந்தும் கொடுக்கப்படுகின்றது. வயிற்றில் நிரப்பும் வாயு இருதயத்தின் மீதும் நுரையீரலின் மீதும் ஓரளவு பாரத்தை ஏற்றுகின்றது. ஆகவே, பஞ்சுத் தூசியில் பல்லாண்டு உழைத்து மூச்சிரைப்பு உற்றவர்களும், பீடி புகைப்பவர்களும், இருதய நோய் உள்ளவர்களும் அதனை மறையாது மயக்க மருந்து நிபுணரிடம் கூறிவிடல் வேண்டும். நீரிழிவு மாத்திரையோ, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோ உண்பவர்கள், எதனை எந்நாள் நிறுத்துவது என்று கேட்டறிதல் வேண்டும். நாட்டு மருந்து உண்பவர்கள் அதனையும் கூறவேண்டும்.

ஆபத்துகள் அரியவை, ஆனால் உண்மையானவை. பித்தப்பையை அகற்றுகையில், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் நாளம் காயமுறுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரலாம் என்பது மருத்துவ நூலோர் கணக்கு. அவ்வாறு காயமுற்றவருக்குப் பெரிய மருத்துவமனையில் மீண்டும் பெரிய அறுவை வேண்டியதாகலாம். முதல் துளையை இடும்போது குடலோ இரத்தக் குழாயோ குத்துப்படுதலும் மிக அரிதாக நேர்வதுண்டு.

துளை வழியே தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி வயிற்றைத் திறக்க நேர்வதும் உண்டு. முன்னரே நாள் குறித்துச் செய்யும் பித்தப்பைச் சிகிச்சையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவருக்கு இது நேரலாம். கடும் அழற்சியுற்ற நிலையில் செய்யும்போது இத்தொகை கூடும். இதனை மருத்துவரின் தோல்வி என்று உறவினர் தூற்றுவது தவறு. உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வழி தெரியாதபோது, துளையைவிட உயிர் பெரிதென்று வயிற்றைத் திறப்பவரே அறிவுடைய மருத்துவர். ஆயின் இவ்வாறு நேரக்கூடும் என்பதை நோயாளிக்கு முன்னரே கூறியிருத்தல் வேண்டும். அதற்குரிய கூடுதல் செலவையும் முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும்.

முதற் கேள்வி: இது வேண்டுவதுதானா?

‘எவ்வளவு ஆகும்?’ என்பதே நம்மவர் முதலிற் கேட்கும் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டுவது, ‘இது எனக்கு வேண்டுவதுதானா?’ என்பதாகும்.

பித்தப்பைக் கற்களை எடுத்துக்கொள்வோம். வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுத்தவரிடம், ‘பித்தப்பையில் கல் இருக்கின்றது, அகற்றிவிட வேண்டும்’ என்று கூறுவதைக் கேள்விப்படுகின்றோம். தொல்லை ஏதும் தராத கல் உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் அதனால் துன்பம் விளைவதில்லை. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையே நோவுக்கு ஆளாகின்றனர். ஆதலின், தொல்லையற்ற கல்லுக்கு அறுவை வேண்டுவதில்லை என்பதே பொது விதி. சிலருக்கு விதிவிலக்கு உண்டு. அவ்விலக்கு ஏன் தமக்குப் பொருந்துகின்றது என்பதை நோயாளி கேட்டறிய வேண்டும். மாறாக, வலது விலாவின் கீழ் மீண்டும் மீண்டும் கடும் நோவு வருபவரும், காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கண்டவரும் காலந்தாழ்த்தலாகாது. வெறும் வயிற்றுப் பொருமலும் ஏப்பமும் உள்ளவர், பித்தப்பையை இழந்த பின்னும் அவை தொடர்வதைக் காணக்கூடும்.

குடலிறக்கம் மூட்டை தூக்குவோரும் ஏற்றம் இறைத்தோரும் நன்கறிந்த நோய். ஆடவரின் தொடையிடுக்கில் தோன்றி, தொல்லை மிகுதியாகத் தராத குடலிறக்கத்தை, மருத்துவரின் கண்காணிப்பில் சில காலம் பொறுத்துப் பார்ப்பதில் பெருங்கேடில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பெண்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறவேண்டும். அறுவை வேண்டுமாயினும், துளை முறை ஒன்றே வழியென்று எண்ணற்க. முதன்முறையாக ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றிய குடலிறக்கத்திற்கு, அவ்விடத்தை மட்டுமோ இடுப்பிற்குக் கீழோ மரத்துப்போகச் செய்து, வெளியிலிருந்து வலை பொருத்தும் பழைய முறையும் நம்பகமானது. தேர்ந்த கைகளில் நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. இரு பக்கமும் உள்ளவர்க்கும், முன்பு திறந்து செய்த பின் நோய் திரும்பியவர்க்கும் துளை முறை சிறந்தது. விலை கூடிய முறை எல்லார்க்கும் சிறந்த முறையாகிவிடாது.

கருப்பையைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுள் மிகப் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்திருந்த செய்தி 2019-இல் நாட்டையே திடுக்கிடச் செய்தது. அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண்களுள் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. துளை முறையாயினும் வேறு முறையாயினும், வேண்டாத உறுப்பு நீக்கம் வேண்டாததே. மிகுந்த உதிரப்போக்கிற்கு மாத்திரைகளும், கருப்பைக்குள் வைக்கும் சாதனமும், வேறு சிறு சிகிச்சைகளும் உள்ளன. புற்றுநோய் வரும் என்னும் அச்சுறுத்தலைக் கேட்ட பெண்கள், எந்தச் சோதனையின் அடிப்படையில் அவ்வாறு கூறப்படுகின்றது என்று கேட்டு, மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறுதல் நன்று.

குடல்வால் அழற்சி, குடலிறக்கம் இறுகிக்கொள்ளுதல், கருக்குழாயில் கரு வெடித்தல் போன்றவற்றில் மட்டும் இவ்வாறு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு நாளைக் கழிப்பது உயிருக்கே கேடாகும். அங்கே அருகிலுள்ள தக்க மருத்துவமனையை உடனே அடைவதே கடமை.

உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி

கையொப்பத்தின் பொருள் யாதென்பதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் தெளிவாக்கியது. அவ்வழக்கே ஒரு நுண்துளைச் சிகிச்சையைப் பற்றியது. நாற்பத்து நான்கு வயதான, திருமணமாகாத பெண்மணி ஒருவர் உதிரப்போக்கின் காரணமாக டில்லியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையை நாடினார். நோய் இன்னதென்று குழாய் வழியே கண்டறிவதற்கு அவர் ஒப்பமிட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் இசைவு பெற்று, கருப்பையும் சூற்பைகளும் அகற்றப்பட்டன. கண் விழித்தபின் நடந்ததை அறிந்த அப்பெண்மணி வழக்காடினார்.

நோயைக் கண்டறிவதற்குக் கொடுத்த இசைவு, உறுப்பை அகற்றுவதற்குக் கொடுத்த இசைவாகாது என்று நீதிமன்றம் கூறியது. உடனே செய்யாவிடில் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, தற்காலிகமாக மயங்கியிருக்கும் வயது வந்த ஒருவருக்காகத் தாயும் இசைவு தரவியலாது என்றது. மருத்துவர் நல்லெண்ணத்துடனேயே செய்தார் என்று ஏற்றுக்கொண்டும், கட்டணத்தை மறுத்து 25,000 ரூபாய் ஈடு வழங்கப் பணித்தது.

அத்தீர்ப்பின்படி, நோயாளியின் இசைவைப் பெறுமுன் மருத்துவர் விளக்க வேண்டியவை நான்கு: சிகிச்சையின் தன்மையும் நோக்கமும் பயனும், வேறு வழிகள் இருப்பின் அவை, குறிப்பிடத்தக்க ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடிய விளைவுகள். மிக அரிய ஆபத்துகள் அனைத்தையும் பட்டியலிட்டு நோயாளியை அச்சுறுத்த வேண்டுவதில்லை என்றும் நீதிமன்றம் கூறியுள்ளது. இந்நான்கையும் நாம் கேட்பது மருத்துவரிடம் சலுகை வேண்டுவதாகாது. அது நம் உரிமை.

இசைவுத் தாள் பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிடப்பட்டுள்ளது. அதனைத் தமிழிற் படித்துக் கூறும்படி கேட்க வேண்டும். ‘மருத்துவர் தேவையெனக் கருதும் வேறு எச்சிகிச்சையும் செய்யலாம்’ என்னும் பொதுவான வரி இருப்பின், அது எவ்வெச்சிகிச்சையைக் குறிக்கின்றது என்று கேட்டு, வயிற்றைத் திறத்தல் முதலியவற்றைப் பெயர் சொல்லி எழுதச் செய்தல் வேண்டும். அறுவை அரங்கின் வாயிலில், உடை மாற்றிப் படுக்கையில் கிடத்திய பின் நீட்டப்படும் தாளில் எவரும் நிதானமாகப் படிக்க இயலாது. ஆகவே முந்திய நாளே தாளைக் கேட்டு வாங்குவது நலம்.

கைகளும் கருவிகளும்

அறுவை செய்பவர் யார் என்று பெயரளவில் அறிந்தால் போதாது. சிறு ஊர்களில் நகரத்திலிருந்து ஒரு வல்லுநர் காரில் வந்து, அறுவையை முடித்து, அன்றே திரும்பிவிடுவதுண்டு. அதில் குற்றமில்லை. ஆனால் நள்ளிரவில் நோயாளிக்குக் குருதி கசிந்தால் பார்ப்பவர் யார்? மயக்க மருந்து நிபுணர் யார்? இத்தகைய சிகிச்சையை அவ்வல்லுநர் எத்துணை முறை செய்துள்ளார்? நிலைமை முற்றினால் எம்மருத்துவமனைக்கு அனுப்புவர்? இவற்றிற்குத் தயக்கமின்றி விடையளிக்கும் மருத்துவமனையை நம்பலாம். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனியார் மருத்துவமனைகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அப்பதிவுச் சான்றைக் கேட்பதிலும் தவறில்லை.

கருவிகளின் தூய்மை பற்றி நம் நாட்டினர் சிறப்பாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. துளைச் சிகிச்சைக்குரிய நீண்ட கருவிகள் மெல்லியவை, பல இணைப்புகள் கொண்டவை, விலை கூடியவை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையே அவற்றை ‘குளுட்டரால்டிஹைடு’ என்னும் மருந்து நீரில் சில நிமிடங்களே ஊறவைத்து, சாதாரணக் குழாய் நீரில் அலசி எடுப்பது சில இடங்களில் வழக்கமாயிற்று. அம்மருந்து நீர் கிருமிகளை முற்றும் ஒழிப்பதற்குப் பல மணி நேரம் ஊறுதல் வேண்டும். இருபது நிமிடம் போதாது. குழாய் நீரில் வாழும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒருவகை நுண்ணுயிர், இவ்வழியே துளைகளிற் புகுந்துவிடுகின்றது. சிகிச்சை முடிந்து பல வாரங்கள் கழிந்தபின், ஆறிப்போன துளையில் சிறு கட்டி எழும்பி நீர் கசியும். சாதாரண மருந்துகளுக்கு அடங்காது. மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். ஆகவே, ‘கருவிகளை எம்முறையில் கிருமி நீக்கம் செய்கின்றீர்கள்? ஒரே நாளில் எத்தனை பேருக்கு அவற்றைப் பயன்படுத்துகின்றீர்கள்?’ என்று கேட்பது மிகையாகாது.

அவசரம் எத்துணைக் கொடியது என்பதற்குச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் சான்றாகும். அங்கே ஒரே மருத்துவர் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்குக் குழாய்க் கருவி மூலம் கருத்தடை அறுவை செய்தார். பத்துக்கு மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். அது அரசு நடத்திய முகாமேயன்றித் தனியார் மருத்துவமனையின் சிகிச்சையன்று. இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. நடத்துபவர் எவராயினும், ஒரு நாளில் எண்ணிக்கையைப் பெருக்குவதையே பெருமையாகக் கொள்ளும் இடத்தில் நோயாளி விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பணத்தைப் பற்றிய கேள்விகள்

மருத்துவமனை கூறும் ‘பேக்கேஜ்’ தொகையில் அடங்குவது எது, அடங்காதது எது என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். அறுவை வல்லுநர், மயக்க மருந்து நிபுணர் ஆகியோரின் கட்டணம், அரங்கக் கட்டணம், அறை வாடகை, மருந்து, சோதனைகள், வலை, கிளிப்பு முதலிய பொருள்கள், எத்தனை நாள் தங்குதல், வயிற்றைத் திறக்க நேர்ந்தால் கூடும் தொகை, தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு மாற்றினால் ஆகும் நாட்கட்டணம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். வலையில் விலை குறைந்ததும் கூடியதும் உண்டு. கூடியதைப் பரிந்துரைத்தால், குறைந்தது ஏன் போதாது என்று கேட்பது இயல்பே.

முன்பணம் கட்டுமுன் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுங்கள். 2012 முதல் நடைபெற்றுவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குரிய ஆண்டு வருமான வரம்பு, 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தில் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை பயன்பெறலாம். திட்டத்திற் சேர்ந்த மருத்துவமனையா, தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்பவற்றை, மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவிலோ 104 என்னும் தொலைபேசி எண்ணிலோ சேர்க்கைக்கு முன்பே கேட்டறிக. பணம் கட்டிச் சேர்ந்த பின் அட்டையை நீட்டினால் அப்பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் நுண்துளைச் சிகிச்சை செய்யப்படுகின்றது என்பதையும் மறத்தலாகாது. தாமே சந்தா செலுத்தித் தனிக் காப்பீடு எடுத்தவர்கள், குடலிறக்கம், பித்தப்பைக் கல் முதலியவற்றிற்குத் தொடக்கத்தில் சில காலம் பணம் கிடையாது என்னும் நிபந்தனை தம் பத்திரத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்க.

வீடு திரும்பிய பின்

தோளில் ஓரிரு நாட்கள் நோவு தோன்றினால் அஞ்ச வேண்டா. அது வயிற்றில் நிரப்பிய வாயுவின் விளைவு. அறியவேண்டிய பொது விதி இதுவே: துளைச் சிகிச்சைக்குப் பின் நோவு நாளுக்கு நாள் குறைதல் வேண்டும். மாறாகக் கூடுமாயின், வயிறு உப்புமாயின், காய்ச்சலோ வாந்தியோ தொடருமாயின், கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகுமாயின், ‘விடியட்டும்’ என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அவ்வேளையில் அழைக்க வேண்டிய எண்ணை வீடு திரும்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்க.

குழித்தறியில் அமர்ந்து மிதியை அழுத்துவதும், பாவு உருளையைத் தூக்குவதும், முதுகில் மருந்துத் தெளிப்பானைச் சுமப்பதும் வயிற்றுத் தசைகளை வருத்தும் வேலைகள். ‘வேலைக்குப் போகலாம்’ என்று மருத்துவர் கூறுவது மேசையில் அமர்ந்து எழுதுபவரை மனத்திற்கொண்டு கூறியதாக இருக்கலாம். தம் வேலை இன்னதென்று விளங்கச் சொல்லி, எந்நாள் முதல் எதனைச் செய்யலாம் என்று கேட்பது அங்கத்தினரின் பொறுப்பு.

விடுவிப்புச் சுருக்கம், அகற்றிய உறுப்பின் சோதனை முடிவு, பொருத்திய வலையின் அட்டை, பணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றைச் சங்கப் பாஸ்புத்தகம் போலப் பேணுக. நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவக் குறிப்புகளை வழங்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வருவது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்த்துள்ளது. குறையிருப்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தாள்கள் இல்லாதவரின் முறையீடு அங்கே நிற்பது அரிது.

சங்கம் செய்யக்கூடியது

‘டாக்டரைக் கேள்வி கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரே’ என்று பலர் அஞ்சுகின்றனர். தனி மனிதரின் இந்த அச்சத்தைப் போக்குவதற்கே கூட்டுறவு உள்ளது. அண்டை மாநிலமான கர்நாடகம் இதற்கு வழிகாட்டியது. அங்கே 2003-இல் கூட்டுறவுச் சங்க அங்கத்தினராகிய விவசாயிகளுக்கென ‘யசஸ்வினி’ என்னும் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் அங்கத்தினர் செலுத்திய சந்தா ஆண்டுக்கு 60 ரூபாய் மட்டுமே. 1,600-க்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவமனைகளுடன் முன்கூட்டியே கட்டணம் பேசி முடிக்கப்பட்டது. 2018-இல் அரசின் பொதுத் திட்டத்தில் கலந்துவிட்ட அது, கூட்டுறவாளர்களின் வேண்டுகோளால் பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும் ஒருவர் விலை பேச வல்லவராகார். இலட்சக்கணக்கான அங்கத்தினர் ஒன்றுகூடி, நோய் வருமுன்னரே பேசியதால் அவர்கள் விலை பேச இயன்றது.

நம் சங்கங்கள் அத்துணைப் பெரிய செயலை நாளையே தொடங்கவியலாது. ஆயினும் மூன்று சிறு செயல்களை இம்மாதமே செய்யலாம். முதலாவது, மேலே கூறிய கேள்விகளை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுச் சங்க அலுவலகத்தில் வைத்து, மருத்துவச் செலவிற்கென நகை கொண்டுவரும் அங்கத்தினர் கையில் கொடுத்தல். இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரிந்த, அச்சமின்றிப் பேசவல்ல அங்கத்தினர் ஒருவரை நோயாளியுடன் துணையாக அனுப்புதல். பெண் நோயாளிக்குப் பெண்ணே துணையாதல் வேண்டும். மூன்றாவது, பேரவைக் கூட்டத்திற்கு வருவோரிடம் காப்பீட்டு அட்டை உள்ளதா என்று கேட்டு, இல்லாதவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல். இவற்றிற்குத் துணைவிதியில் திருத்தம் வேண்டுவதில்லை. நிதி ஒதுக்கீடும் வேண்டுவதில்லை. செயலாளரின் மேசையில் ஒரு கட்டுத் தாளும், நிர்வாகக் குழுவினரின் மனத்தில் சிறிது அக்கறையும் இருந்தால் போதும்.

நல்ல மருத்துவர் கேள்விகளை வெறுப்பதில்லை. விவரம் அறிந்த நோயாளி, உணவு நிறுத்துவது முதல் மருந்து உண்பது வரை சொன்னபடி நடப்பார் என்பதை அவரறிவார். கேள்வியைக் கண்டு சினப்பவரிடம், வயிறு மூடியிருக்கும்போதே விடைபெற்று வருவது நலம். கடன் பத்திரத்தை அவசரத்தில் ஒப்பமிட்டவர் அதனைப் பின்னர் உழைத்துத் தீர்த்துவிடலாம். அகற்றிய உறுப்பு திரும்ப வாராது. ஆகவே, அங்கத்தினர் பெருமக்களே, பேனாவைக் கையில் எடுக்குமுன் கேளுங்கள். கேட்கத் தயங்குபவருக்காக உடன் சென்று நீங்கள் கேளுங்கள்.